'தகுதியில்லை' என்றால் ஏன் என்றும் சொல்லுங்கள்: உதவித்தொகைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாத உதவித்தொகை வழங்கும் துறையின் செயலர் அவர்கள், அத்துறைக்குத் தானியங்கிச் சரிபார்ப்பு மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் குழுவினர்.

ஐயா, அம்மா,

துறையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மடல் பதிவுத் தபாலில் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது, யாருக்கு எழுதியது என்று உங்களுக்கே தெரியும்.

பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் ஒரு சந்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். எங்களைப் போன்ற மையங்களுக்கு அண்மையில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கைதான் இதை எழுத வைத்தது. நிராகரிக்கப்பட்டவர்கள் போடும் மேல்முறையீட்டையும் இனிமேல் கணினியே முதலில் பார்க்குமாம். கணினி மறுபடியும் 'தகுதியில்லை' என்று சொன்னால் அந்த மனு தாலுகா அலுவலகத்துக்கே போகாதாம். சந்தேகம் கேட்பவர்களுக்கு உங்கள் தளத்தில் உள்ள சாட்பாட் பதில் சொல்லுமாம். நாங்கள் விண்ணப்ப நிலையைப் பார்த்துச் சொன்னால் போதுமாம்.

தீர்ப்புச் சொன்னவரிடமே போய் அப்பீல் பண்ணு என்கிறீர்கள். இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

என் மையத்தில் நடப்பதைச் சொல்கிறேன். விண்ணப்பதாரருக்கு இ-சேவைப் பதிவுக்கான கேன் எண் உருவாக்கி, ஓடிபி வாங்கி, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிறோம். சில நாளில் திரையில் ஒரு வரி வருகிறது: 'நிராகரிக்கப்பட்டது – தகுதியில்லை'. காரணம் என்ற கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் 'சரிபார்ப்பில் தோல்வி' என்று இருக்கும், பல நேரம் வெறும் கோடு. என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏன் தம்பி?" அதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

புளியந்தோப்பில் வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்கும் அம்மா ஒருவர் கைம்பெண் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். கணவர் 2004-ல் திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊருக்குப் போன இடத்தில் இறந்துபோனார். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர்தான் பிறப்பு இறப்புப் பதிவாளர். அவர் கையால் எழுதி, ஊதா முத்திரை குத்திக் கொடுத்த இறப்புச் சான்றை அந்த அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கிறது, ஆனால் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் தெளிவாகவே இருக்கின்றன. ஸ்கேன் செய்து ஏற்றினோம். நிராகரிக்கப்பட்டது. மறுபடி போட்டோம். மறுபடியும் அதே வரி.

காரணம் தெரிந்தது தற்செயலாகத்தான். வேறு வேலையாகத் தாலுகா அலுவலகம் போயிருந்தபோது உதவியாளர் ஒருவர் திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டெத் டேட்டா மேட்ச் ஆகலைங்க. சிஸ்டத்துல அந்தப் பேர்ல இறப்பே இல்ல. அதனால கணவர் உயிரோட இருக்கார்னு எடுத்துக்கும்." அதை வந்து அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்போ அவரு எங்க இருக்காருன்னு மெஷினையே கேட்டுச் சொல்லு தம்பி, இருபது வருஷக் கணக்கு பாக்கி இருக்கு" என்றார்.

இது தரவுப் பிழை, சரி செய்துவிடலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். பிழை தரவில் இல்லை. கையெழுத்துப் பதிவேட்டில் இருந்த பழைய இறப்பு எல்லாம் கணினியில் ஏறவில்லை என்பது ஊரறிந்த விஷயம். 'தேடினேன், கிடைக்கவில்லை' என்பதை 'நடக்கவே இல்லை' என்று உங்கள் மென்பொருள் மாற்றி எழுதிக்கொள்கிறதே, கோளாறு அந்த இடத்தில்தான் இருக்கிறது. இது யாரும் இன்று புதிதாகக் கண்டுபிடித்த கோளாறும் இல்லை. நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தபோது செயற்கை நுண்ணறிவுத் தாளில் அறிவுசார் அமைப்புகள் என்று ஒரு பகுதி இருந்தது. தேர்வுக்குப் படித்ததுதான், ஆனால் இந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை.

விதிகளை எழுதிக் கொடுத்துக் கணினியை முடிவுக்கு வரவைக்கும் தர்க்க நிரலாக்கத்தில், பட்டியலில் இல்லாததை உலகத்திலேயே இல்லாததாகக் கொள்ளும் இந்தப் பழக்கத்தை மூடிய உலக அனுமானம் என்பார்கள். கணினி அறிஞர் ரேமண்ட் ரைட்டர் 1978-ல் இதை முறையாக எழுதிவைத்தார், அதே ஆண்டு கீத் கிளார்க் 'நிரூபிக்க முடியவில்லை என்றால் இல்லை என்று கொள்' என்ற நடைமுறைக்கு அடிப்படை தந்தார். ரயில் அட்டவணைக்கு இது பொருந்தும். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணத்துக்கு அதிகாலை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வண்டி என்று அட்டவணையில் இல்லாவிட்டால் அப்படி ஒரு வண்டி இல்லை என்று முடிவு கட்டலாம், ஏனென்றால் அட்டவணை முழுமையானது. இறப்புத் தரவுத்தளம் முழுமையானது என்று உங்கள் துறையில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா? போடமாட்டீர்கள் என்றால், அதில் ஒரு பெயர் இல்லாததை வைத்து ஒரு பெண்ணின் உதவித்தொகையை மறுக்க எந்த உரிமையும் இல்லை.

சட்டத்தை விதிகளாகக் கணினிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ சந்தித்துவிட்டார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி குழுவினர் 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தை ப்ரோலாக் என்ற கணினி மொழியில் விதி விதியாக எழுதி 1986-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தச் சட்டத்தில் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையைப் பற்றி ஒரு பிரிவு வருகிறது. பிரிட்டனில் கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் யார், எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. மாறாக நிரூபிக்கப்படாத வரை அது அங்கேயே, தகுதியுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். தெரியாத இடத்தில் யார் பக்கம் சாய வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது, நிரல் எழுதியவர்களும் அதைத் தனியாகக் கவனித்து எழுத வேண்டியிருந்தது. உங்கள் மென்பொருளில் தெரியாத இடத்தில் யார் பக்கம் சாய்வது என்று யார் முடிவு செய்தார்கள்? செயலராகிய நீங்களா, சட்டமன்றமா, ஒரு நிரலாளர் மதியம் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் எழுதிய ஒரு வரியா?

இதற்கும் முன்னால் போகலாம். 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் முதலானோர் மைசின் என்று ஒரு வல்லுநர் அமைப்பை உருவாக்கினார்கள். ரத்தத்தில் தொற்று, மூளைக்காய்ச்சல் போன்றவற்றில் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று மருத்துவருக்கு ஆலோசனை சொல்லும். உள்ளே இருந்தவை சில நூறு விதிகள். 'சாயச் சோதனையில் கிராம் நெகட்டிவ், வடிவம் கோல், நோயாளி எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் சூடோமோனாஸ் கிருமியாக இருக்கலாம், உறுதி 0.6' என்கிற மாதிரி.

அதில் இரண்டு விஷயங்களை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, மைசின் ஒரு கேள்வி கேட்டால் மருத்துவர் பதிலுக்கு 'ஏன்' என்று தட்டச்சு செய்யலாம். நான் இதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், இந்த விதியைப் பயன்படுத்துகிறேன், இதில் இன்னின்னது ஏற்கெனவே தெரியும், நீங்கள் சொல்லப்போவதும் சேர்ந்தால் இந்த முடிவுக்கு வருவேன் என்று அது விளக்கும். முடிவு சொன்ன பிறகு 'எப்படி' என்று கேட்டால் எந்த விதிகள் வழியாக வந்தது என்று காட்டும். இரண்டாவது, கேட்ட கேள்விக்கு மருத்துவர் 'தெரியாது' என்றும் பதில் தரலாம். உறுதி அளவு மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்று வரை ஓடும். மைனஸ் ஒன்று என்றால் நிச்சயம் இல்லை. பூஜ்யம் என்றால் தெரியாது. இரண்டையும் அது ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை.

1979-ல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்களின் பரிந்துரைகளோடு மைசினுடையதையும் யாருடையது என்று சொல்லாமல் கலந்து வெளி நிபுணர்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது, அது யாருக்கும் பின்தங்கவில்லை. அப்படியும் அது மருத்துவமனை வார்டுகளில் அன்றாடப் புழக்கத்துக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஓர் இயந்திரமே வார்டுக்கு வெளியே நின்றுவிட்டது. நீங்கள் பதிலே சொல்லாத ஒன்றைப் புளியந்தோப்பில் இறக்கிவிட்டிருக்கிறீர்கள்.

பழைய கதை, அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் ஊர் வேலை ஒன்றைச் சொல்கிறேன். இந்த மையம் தொடங்குமுன் நான் பல வருடம் ஏ.ஆர். காலராக இருந்தவன். சென்னையில் இந்த வேலை பார்க்காத குடும்பம் குறைவு, தெருவுக்கு ஒரு பிள்ளையாவது பார்த்திருக்கும். இரவு ஷிப்ட், தலையில் ஹெட்செட், அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு 'இந்த நோயாளியின் கிளெய்மை ஏன் மறுத்தீர்கள்' என்று கேட்பது. அங்கே எந்தக் கிளெய்மை மறுத்தாலும், ஏன் ஒரு டாலர் குறைத்துக் கொடுத்தாலும், ஒரு காரணக் குறியீடு கட்டாயம் இருக்கும். 16 என்றால் தகவல் குறைவு அல்லது பில்லில் பிழை, என்ன குறைவு என்று சொல்ல அதோடு இன்னொரு குறிப்பும் வரும். 18 என்றால் ஏற்கெனவே போட்டதையே மறுபடி போட்டிருக்கிறார்கள். 29 என்றால் தாக்கல் செய்ய வேண்டிய காலக்கெடு தாண்டிவிட்டது. குறியீட்டைப் பார்த்ததுமே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். 16 வந்தால் திருத்தி அனுப்பு, 29 வந்தால் நேரத்தில் அனுப்பியதற்கு அத்தாட்சி காட்டு.

ஓஹையோவில் யாரோ ஒருவருடைய முழங்கால் எக்ஸ்ரேவுக்குப் பணம் மறுக்கப்பட்டால் அதற்குக் காரணம் கேட்டு விடிய விடியப் பேச சென்னையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே பிள்ளையின் பாட்டிக்கு மாதத் தொகை மறுக்கப்பட்டால் காரணம் சொல்ல ஆள் இல்லை, குறியீடும் இல்லை. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தர்மசாலைகள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களோடு மல்லுக்கட்டியவன் நான். ஆனால் மல்லுக்கட்ட ஒரு பிடி கொடுத்தார்கள்.

உங்கள் மென்பொருளை எழுதியவர்களுக்குச் சில கேள்விகள் உண்டு. அறிவுசார் அமைப்பு என்றால் இரண்டு பாகம். அறிவுத்தளம் ஒன்று, அதில் விதிகளும் உண்மைகளும் இருக்கும். அனுமானப் பொறி இன்னொன்று, அது விதிகளை உண்மைகளோடு பொருத்தி முடிவுக்கு வரும். பொறி எழுதுவது பெரிய காரியமில்லை, இலவசமாகவே கிடைக்கிறது. கஷ்டம் அறிவுத்தளத்தில். விஷயம் தெரிந்தவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லாமல் விட்டதையும் கேட்டு வாங்கி, விதியாக்க வேண்டும். பாட்டிலின் குறுகிய கழுத்து மாதிரி வேலை சிக்கி நிற்கும் இடம் இதுதான் என்று இத்துறை முன்னோடி எட்வர்ட் ஃபைகன்பாம் போன்றவர்கள் அப்போதே சொன்னார்கள். நீங்கள் யாரோடு உட்கார்ந்தீர்கள்? எங்கள் பகுதி ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் இனிஷியல் பிரச்சினை இருந்திருக்காது.

தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் தெரியும்: கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர் இனிஷியல், பின்னால் சிலருக்குக் கணவர் பெயர் இனிஷியல். ரேஷன் அட்டையில் 'லெட்சுமி', ஆதாரில் 'லட்சுமி', வங்கியில் இனிஷியலை விரித்து முழுப்பெயர். ஓர் ஆர்.ஐ. இவற்றை ஒருமுறை பார்த்தாலே ஒரே ஆள்தான் என்று சொல்லிவிடுவார். பிறந்த தேதியையும் கதவு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் பக்கத்து வீட்டில் கேட்பார். அவர் தலையில் இருக்கும் இந்த நான்கைந்து விதிகளை எழுதிக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். உங்கள் மென்பொருளோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் வேறு ஆள் என்று முடிவு கட்டுகிறது.

மின் இணைப்பும் அப்படியே. மூலக்கொத்தளத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு 'தகுதியில்லை' வந்தது. காரணம் சொல்லாததால் ஊகித்துத்தான் சொல்கிறேன்: ஆதாரை மின் இணைப்போடு சேர்க்கச் சொன்ன காலத்தில் வீட்டுக்காரர் கேட்டாரென்று அவர் தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். ஒரே இணைப்பில் பல குடித்தனம், ஆளுக்கொரு சப் மீட்டர். மொத்த யூனிட்டையும் இவர் ஒருவர் தலையில் கட்டி வசதியானவர் என்று கணினி முடிவு செய்திருக்க வேண்டும். அவர் அறையில் இருப்பது ஒரு குண்டு பல்பும் ஒரு மின்விசிறியும். வடசென்னையில் வாடகைக்கு இருப்பது எப்படி என்று தெரிந்த யாராவது விதி எழுதும் மேசையில் இருந்திருந்தால் 'ஒரு இணைப்பில் எத்தனை குடும்பம்' என்று முதலில் கேட்டிருப்பார்கள்.

இப்போது அந்த சாட்பாட். இட்லிக்கார அம்மாவின் விண்ணப்ப எண்ணைப் போட்டு 'ஏன் நிராகரிக்கப்பட்டது' என்று கேட்டேன். அழகான தமிழில், மரியாதையாக, 'பொதுவாக இத்தகைய விண்ணப்பங்கள் வருமான வரம்பு, முழுமையற்ற ஆவணங்கள், வயது போன்ற காரணங்களால் நிராகரிக்கப்படலாம்' என்று வந்தது. உண்மையான காரணம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வேறு விதமாகக் கேட்டேன், வேறு மூன்று காரணம் சொன்னது. இவ்வளவு சரளமாகப் பேசுவதைக் கேட்டால் படிக்காதவர்கள் நம்பிவிடுவார்கள். வருமானச் சான்று சரியில்லை போலிருக்கிறது என்று அலைந்து புதுச் சான்று வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்படிப் பேசும் நிரல்கள் எதற்கும் உதவாது என்பதில்லை. கடிதம் எழுத, படிவத்தை விளக்க நானே பயன்படுத்துகிறேன். ஆனால் முடிவெடுத்த நிரலுக்கும் அதை விளக்குவதாகச் சொல்லும் சாட்பாட்டுக்கும் நடுவில் எந்த இணைப்பும் இல்லை. முடிவு ஒரு இடத்தில் நடக்கிறது, சமாதானம் இன்னொரு இடத்தில் தயாராகிறது.

விதியாக எழுதிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்று நினைப்பவன் இல்லை நான். ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று மக்கள் பெயர் வைத்த திட்டம் எளிய ஒரு கணக்கில்தான் நின்றது. வரித் துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை இரு வாரத்துக்கு ஒன்றாக 26 பங்கு போட்டு, ஒவ்வொரு இரு வாரமும் அவ்வளவு சம்பாதித்ததாக எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வேலையின்மை என்று இருந்தவர்களுக்கெல்லாம் 'உதவித்தொகையை அதிகம் வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு' என்று நோட்டீஸ் போனது. 2019-ல் அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை, 2023-ல் அரச ஆணையம் கடுமையான அறிக்கை கொடுத்தது. கணக்கு இன்னதென்று தெரிந்ததால்தான் அதைப் பிடித்து உலுக்க முடிந்தது. உங்கள் கணக்கு என்னவென்றே எங்களுக்குத் தெரியாது.

விதிகளை வெளியே சொன்னால் ஏமாற்றுவார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். 2023-ல் மகளிர் உரிமைத் தொகை கொண்டுவந்தபோது நம் அரசே விதிகளை முன்கூட்டியே அறிவித்ததே? 21 வயது, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று டீக்கடை பெஞ்சுவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி வைத்தார்கள். விதிகளில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலிருக்கலாம். சண்டை போட ஒரு எண் இருந்தது.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(ஈ) ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. யாரும் மனுப் போட்டுக் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, தானாகவே தர வேண்டும். செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகவும் நெறியோடும் பயன்படுத்த 2020-லேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் நம்முடையது. அதில் மதிப்பிட வேண்டிய ஆறு அம்சங்களை வரிசைப்படுத்தியபோது முதலில் வைத்தது வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும். நம்மிடம் இதைச் செய்ய ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. 1980-களின் பிற்பாதியில் மத்திய மின்னணுத் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு அறிவுசார் கணினி அமைப்புகளுக்கென்று ஒரு திட்டம் நடத்தியபோது, வல்லுநர் அமைப்புகளுக்கான மையம் கிண்டியிலிருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸ்தான். உங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்.

கேட்பவை இவை.

அந்தச் சுற்றறிக்கையில் மேல்முறையீட்டைப் பற்றிய பகுதியை உடனே திரும்பப் பெறுங்கள். மேல்முறையீடு என்றால் முடிவை மாற்ற அதிகாரம் உள்ள ஓர் அதிகாரி ஆவணத்தைக் கண்ணால் பார்த்து, காரணம் எழுதி, பெயரோடு கையெழுத்திட வேண்டும்.

ஒவ்வொரு நிராகரிப்பிலும் விதி எண், அந்த விதி தமிழில் ஒரே வாக்கியமாக, அதற்குப் பயன்பட்ட தகவல் என்ன, எந்தத் தரவுத்தளத்திலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது, தவறென்றால் எதைக் காட்டித் திருத்தலாம் என்பவை இருக்க வேண்டும். எங்கள் மையத்தில் அச்செடுத்துக் கையில் கொடுக்கும்படி வேண்டும். குறுஞ்செய்தியில் மட்டும் அனுப்பினால் அது மகனுடைய போனுக்குப் போய்விடும்.

'தகுதி உண்டு', 'தகுதியில்லை' என்ற இரண்டோடு 'தகவல் கிடைக்கவில்லை' என்று மூன்றாவது நிலை ஒன்றைச் சேருங்கள். அந்த நிலையில் உள்ள எந்த விண்ணப்பத்தையும் கணினி நிராகரிக்கக் கூடாது. கள விசாரணைக்கு அனுப்புங்கள், 30 நாளுக்குள் முடியுங்கள். பதிவு கிடைக்காதது துறையின் குறை என்றால் அதைத் தேடும் வேலையும் துறையுடையது. இதுவரை பதிவு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்கப்பட்ட எல்லாவற்றையும் அவர்கள் மறுபடி விண்ணப்பிக்காமலே நீங்களாகத் திறந்து பாருங்கள், முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து நிலுவையைக் கொடுங்கள். இட்லிக்கார அம்மாவுடைய விண்ணப்ப எண்ணும், அவர் சம்மதத்தோடு, இறப்புச் சான்றின் நகலும் தபாலில் வந்த பிரதியில் இணைத்திருக்கிறேன்.

விதிகள் முழுவதையும் தமிழில் வெளியிடுங்கள், எப்போது எந்த விதி மாறியது என்ற தேதியோடு. ஓய்வு பெறப்போகும் ஆர்.ஐ.க்களையும், வடசென்னை, தென்சென்னை மையக்காரர்கள் சிலரையும் விதி எழுதும் குழுவோடு உட்கார வையுங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன், படி வேண்டாம். ஒருமுறை உட்கார்ந்துவிட்டு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். 1980 வாக்கில் ஜான் மெக்டெர்மாட் டெக் என்ற அமெரிக்கக் கணினிக் கம்பெனிக்காக எழுதிய எக்ஸ்கான் என்ற வல்லுநர் அமைப்பில் விதிகள் ஆயிரக்கணக்கில் வளர்ந்தன, அவற்றைத் திருத்திக்கொண்டே இருக்கத் தனிக் குழு தேவைப்பட்டது. உதவித்தொகை விதிகளுக்கும் நிரந்தரமாக ஒரு குழு வேண்டும்.

எந்த விதி வழியாக முடிவு வந்தது என்று காட்டும் விதித் தடம் கைக்கு வரும் வரை, சாட்பாட் தனிநபர் விண்ணப்பங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். 'பொதுவாக' என்று தொடங்கும் எந்தப் பதிலையும் நிராகரிப்புக்குக் காரணமாகச் சொல்ல விடாதீர்கள். பிறகு பேச விட்டாலும் அந்தத் தடத்தில் உள்ளதை மட்டும் எளிய தமிழில் சொல்லட்டும்.

இவற்றில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், அதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று எழுத்தில் பதில் வேண்டும். இந்த மடல் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் பார்ப்பேன். வராவிட்டால் மேலே சொன்ன விதிகள் ஒவ்வொன்றையும் கேட்டுத் தகவல் உரிமை மனு போடுவேன், என் மையத்தில் நிராகரிப்பு வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே தனி மனு எழுதிக் கொடுப்பேன். அவற்றுக்கு எழுத்துக் கூலி வாங்கப்போவதில்லை.

இப்படிக்கு,
இ-சேவை மையப் பொறுப்பாளர்,
பெரம்பூர், சென்னை.